மாற்றவில்லை, சேர்த்தேன்

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருசக்கர வண்டிக்குப் பாலிசி எடுக்க வருகிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் பதினான்காவது கேள்வி இது: 'வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்திருக்கிறீர்களா? இனி செய்தால் உடனுக்குடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.' வருகிறவர்கள் எல்லாரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வாசலில் நிற்கும் அவர்களுடைய வண்டியைப் போய்ப் பார்த்தால் சைலன்சர் வேறு, ஹாண்டில்பார் வேறு, விளக்கு வேறு. கம்பெனி கொடுத்ததில் மிஞ்சியிருப்பது நம்பர் பிளேட் மட்டும்தான். கேட்டால், "அது சும்மா சார்" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

பதினேழு வருடமாக அந்தக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நம்பி, அது சொன்னபடியே நடந்தவர் ஒரே ஒருவர்தான். கிளினிக்குகளில் அவரை 'ரத்தக்கா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மாற்றம் மேடம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

அவருடைய முதல் கடிதம் வந்தது பதினோரு வருடங்களுக்கு முன்பு. நீல நிற உறை, கோடு போட்ட தாள், குண்டு குண்டான எழுத்து. 'ஐயா, வணக்கம். தங்கள் படிவத்தின் பதினான்காம் கேள்விக்கு இணங்க, என் வண்டியின் இஞ்சின் ஆயில் இன்று காலை மாற்றப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பழைய ஆயில் கறுத்துவிட்டது.' அவ்வளவுதான் கடிதம். கேஷ் கவுண்ட்டர் அம்மா அதை உரக்கப் படித்துக் காட்டினார். "பழைய ஆயில் கறுத்துடுச்சாம்! பாவம், யாராவது போய் ஆறுதல் சொல்லிட்டு வாங்கப்பா." அன்று முழுக்க அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தன. பிரேக் ஷூ மாற்றப்பட்டது. பிளக் மாற்றப்பட்டது. பின்பக்கக் கண்ணாடி மாற்றப்பட்டது. நான் நாலாவது கடிதத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். நீல உறை வந்தால் பிரிப்பது, முத்திரை குத்துவது, ஓரத்தில் கையெழுத்துப் போடுவது, ஃபைலில் செருகுவது. ஒரு போன் போட்டு, "அம்மா, இதையெல்லாம் எழுத வேண்டாம், கேள்விக்கு அர்த்தம் வேற" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு பெயர் சொல்லி மழுப்ப மாட்டேன்.

முத்திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். என் மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று 'பெறப்பட்டது'. அதன் பிடி எப்போதோ உடைந்துபோய்விட்டது, குத்தினால் உள்ளங்கையில் கீறும். இன்னொன்று 'பரிசீலிக்கப்பட்டது'. அது கைக்கு இதமாக இருக்கும். எனவே பதினோரு வருடமும் அவருடைய கடிதம் ஒவ்வொன்றையும் நான் பரிசீலித்துத் தள்ளினேன்.

இப்போது ரத்தக்காவிடம் வருகிறேன். ஊரெங்கும் பரவிக் கிடக்கிற பத்தொன்பது சின்னக் கிளினிக்குகளில் காலையில் எடுக்கிற ரத்தக் குழாய்களை வாங்கி, பதினோரு மணிக்குள் ஒரு லேபில் சேர்ப்பது அவருடைய வேலை. முதலில் அதே லேபில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து தப்பினால் ஒருவருடைய ரத்தம் இன்னொருவருடையதாகிவிடும். அதனால் எழுதினதை மூன்று தடவை படிப்பது அவருக்குப் பழக்கம். அப்போது குழாய்களை எடுத்து வந்த ஆள், வழியில் வண்டியை வெயிலில் போட்டுவிட்டு அரட்டையடிக்கிறவர். ஒருநாள் வெயிலில் கெட்டுப்போன ரத்தத்தை வைத்து முடிவு எழுதினார்கள். இல்லாத வியாதிக்கு ஒரு பெண்மணி ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டார். விஷயம் தெரிந்ததும் ரத்தக்கா நேரே முதலாளியம்மாவின் அறைக்குள் போய் நின்றாராம்.

"இனிமே நான் போறேன்மா."

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"பத்து நாள்ல தெரியும்."

அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. லேபுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொண்டார். நாலு தடவை விழுந்தார், ஒரு தடவை தொட்டியிலேயே போய் முட்டினார். பதினோராம் நாள் காலையில் பத்தொன்பது கிளினிக்கையும் சுற்றிவிட்டு, முழங்கையில் பிளாஸ்திரியோடு பத்தரைக்கெல்லாம் லேப் வாசலில் நின்றாராம். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அடுத்த மாதமே சொந்த வண்டி வாங்கிவிட்டார்.

வண்டி வாங்கினாரே தவிர, அது அவருக்குத் தோதாக இல்லை. ஆள் குள்ளம், கால் தரையில் எட்டவில்லை. இருக்கையின் பஞ்சை அறுத்து உயரத்தைக் குறைத்தார். பின்னால் இரும்புத் தாங்கி ஒன்றை வெல்டிங் செய்து, அதன்மேல் பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டியை வைத்தார். பனிக்கு மஞ்சள் விளக்கு இரண்டு, காற்றுக்குக் கண்ணாடித் தடுப்பு, காலுக்கு லெக் கார்டு, வழி பார்க்கப் போன் தாங்கி. வருடத்துக்கு ஒன்று என்று வண்டி வளர்ந்துகொண்டே போனது. அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்: "எங்க வீட்டுல எம் பொண்ணுக்கு அடுத்தபடியா நல்லா வளந்தது இதுதான்."

இதில் எதையுமே அவர் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. ஏமாற்றுவதற்காக அல்ல. அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். மனைவி எழுதும் கடிதங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பார். அக்கா அதைப் பார்த்து நல்ல தாளில் எழுதி அனுப்புவார். குளிர்பெட்டி வைத்த அன்று அவர்கள் வீட்டில் நடந்த பேச்சை அக்காவே எனக்குச் சொன்னார்.

"ஏங்க, பெட்டி வச்சதை இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதணும்ல?"

"கேள்விய ஒழுங்காப் படி. மாற்றம்னு இருக்கு. மாத்துறதுன்னா ஒன்னை எடுத்துட்டு அந்த எடத்துல இன்னொன்னை வைக்கிறது. நீ எதையாவது எடுத்தியா?"

"இல்லைங்க."

"அப்ப அது மாற்றம் இல்ல, சேர்ப்பு. கேக்காததுக்குப் பதில் எழுதுறது அதிகப்பிரசங்கித்தனம்."

மனுஷர் தமிழில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்தப் படிவத்தை எழுதிய எங்கள் ஆள்தான் வார்த்தையைச் சரியாகப் போடவில்லை. ஆனால் இன்சூரன்ஸில் அப்படி ஒரு வாதம் எடுபடுமா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது. ஐந்தாவது கிளினிக் மாடியில் இருந்தது. அக்கா வண்டியைச் சுவரோரமாக நிறுத்திவிட்டு, குளிர்பெட்டிக்குள் இருக்கும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே போனார். பையை அவர் எங்கேயும் விட்டுவிட்டுப் போக மாட்டார். மேலே சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கீழே டமார் என்று ஒரு சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், பின்னோக்கி வந்த லாரி ஒன்று வண்டியைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டு, அப்படியே முன்னே எடுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பரை யாரும் பார்க்கவில்லை.

அக்கா ஓடி வந்து பார்த்தார். குளிர்பெட்டி அப்பளமாகிவிட்டது, பின்சக்கரம் வளைந்துவிட்டது. அவர் அழவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். தோளில் அதுவரை சேர்த்த பதினெட்டுக் குழாய்கள். அதில் ஒன்று பிறந்து ஐந்து நாளான குழந்தையுடையது. பையில் இருக்கும் ஐஸ் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அவ்வளவுதான், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரே ஓட்டம்! பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு எல்லாரும் தன்னையே ஏன் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண், "ஹெல்மெட்டைக் கழட்டிக்கோங்கம்மா, டிரைவர் மெதுவாத்தான் ஓட்டுறாரு" என்ற பிறகுதான் தலையில் கை வைத்துப் பார்த்தாராம். கடைசி மூன்று தெருவை ஓடியே கடந்து, பத்து ஐம்பத்திரண்டுக்கு லேபுக்குள் நுழைந்தார். பதினெட்டும் பத்திரம். மிச்சக் கிளினிக்குகளுக்கு முதலாளியம்மா வாடகை வேன் அனுப்பினார். அக்கா அதற்குப் பிறகுதான் லேப் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார்.

முதலாளியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்லவர்தான், ஆனால் தொழில் நடத்துகிறவர். "திங்கட்கிழமை காலைல வண்டியோட வந்தீங்கன்னா ரூட் உங்களோடது. அதுவரைக்கும் வேன்காரங்கள வச்சு ஓட்டுறேன். அவங்க நிரந்தரமாக் கேக்குறாங்க. எனக்கும் வேற வழியில்லம்மா." அக்காவுக்கு அந்த ரூட்தான் எல்லாம். அது போனால் மறுபடியும் ஒரு மூலையில் உட்கார்ந்து சீட்டு எழுத வேண்டியதுதான்.

அன்று மதியம் அவர் என் கவுண்ட்டருக்கு முன்னால் வந்து நின்றார். பதினோரு வருடத்தில் அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாலிசிப் புதுப்பிப்பெல்லாம் தபாலிலேயே முடிந்துவிடும்.

"தம்பி, நான்தான் கடிதம் எழுதுவேனே, நீல உறை."

எனக்கு நாற்பது வயது. தம்பி என்று யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வரும். ஆனால் அவர் கேட்ட தினுசில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கிற உரிமை இருந்தது. கேஷ் கவுண்ட்டர் அம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளெய்ம் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் போய் வண்டியைப் பார்த்தார். அவர் கையில் டேப்பும் டார்ச்சும் எப்போதும் இருக்கும், முகத்தில் சிரிப்பு எப்போதும் இருக்காது. மெக்கானிக் ஷெட்டில் அக்காவும் நின்றிருந்தார். கேஸைக் கவனிக்கிறவன் என்பதால் நானும் போயிருந்தேன்.

"இந்தப் பெட்டிய எப்ப மாத்தினீங்க?" என்று சர்வேயர் கேட்டார்.

"மாத்தலையே சார், சேத்தேன்."

"இந்த விளக்கு?"

"அதுவும் சேத்ததுதான் சார்."

"சீட்டு உயரம் கம்மியா இருக்கே?"

அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "அது மாத்தலும் இல்ல, சேக்கலும் இல்ல சார். குறைச்சேன்."

நான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். சர்வேயர் சிரிக்கவில்லை. அவர் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். அறிவிக்கப்படாத மாற்றங்கள் ஏழு. வெல்டிங் செய்த தாங்கியும் பெட்டியும் வெளியே துருத்திக்கொண்டிருந்ததால்தான் லாரி இடித்தது என்றும் எழுதினார். கடைசி வரி: கிளெய்ம் நிராகரிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

அக்காவுக்கு விஷயம் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் எதையும் மறைக்கலையே. ஒரு பல்பு மாத்தினாக்கூட எழுதினேனே. நீங்க சொல்லுங்க இவருக்கு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. படிவம் எழுதினவன்மேல் கோபம், இலக்கணம் பேசின கணவர்மேல் கோபம், இந்த அம்மா இவ்வளவு வெள்ளந்தியாக இருக்கிறாரே என்று அவர்மேலும் கோபம். என்மேல் மட்டும் இன்னும் வரவில்லை. அது மறுநாள் வந்தது.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டால் முடிந்தது. மதியம் ஃபைலை அவர் மேசைக்கு அனுப்ப எடுத்தேன். ஃபைல் தடிமனாக இருந்தது. எல்லாம் நீல உறைக் கடிதங்கள். கனம் குறையட்டும் என்று அவற்றைத் தனியாக உருவினேன். மேலாக இருந்த ஒன்றில் கண் போனது.

'ஐயா, வணக்கம். என் வண்டியின் பேட்டரி இன்று மாற்றப்பட்டது. இருக்கைக்குப் பின்னால் உள்ள குளிர்பெட்டியும் அதே பேட்டரியில் ஓடுவதால் பழையது போதவில்லை. ஆகவே பெரிய பேட்டரி வைக்கப்பட்டுள்ளது.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளிர்பெட்டி! எழுதியிருக்கிறார்! பெட்டி வைத்தேன் என்று எழுதவில்லை. பேட்டரி மாற்றினேன் என்று எழுதியிருக்கிறார், ஏன் மாற்றினேன் என்பதற்குக் காரணமாகப் பெட்டியைச் சொல்லியிருக்கிறார். கீழே என் முத்திரை, பரிசீலிக்கப்பட்டது. ஓரத்தில் என் கையெழுத்து, ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி.

கடிதக் கட்டை மேசையில் கொட்டினேன். மொத்தம் அறுபத்து மூன்று. கவுண்ட்டரில் 'சற்றுப் பொறுக்கவும்' பலகையை வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஷாக் அப்சார்பர் மாற்றிய கடிதம்: 'பின்னால் வெல்டிங் செய்த இரும்புத் தாங்கியின் பாரத்தால் பழையது அமுங்கிவிட்டது.' ஃபியூஸ் மாற்றிய கடிதம்: 'மஞ்சள் விளக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டதால் எரிந்துவிட்டது.' இருக்கை உறை மாற்றிய கடிதம்: 'உயரத்தைக் குறைத்ததால் பழைய உறை தொளதொளவென்று ஆகிவிட்டது.' கிடைத்ததையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்கினேன். கேஷ் கவுண்ட்டர் அம்மா எழுந்து வந்து, "என்னாச்சுப்பா, லாட்டரி ஏதும் விழுந்துடுச்சா?" என்று கேட்டார். ஒரு கட்டை எடுத்து அவர் கையில் திணித்தேன். "படிங்க. லெக் கார்டுன்னு எங்கயாவது இருக்கான்னு பாருங்க."

சர்வேயர் எழுதிய ஏழில் ஆறு கிடைத்துவிட்டது. மணி நாலேகால். லெக் கார்டு மட்டும் காணவில்லை. ஒன்று விட்டுப்போனாலும் சர்வேயர் அதைப் பிடித்துக்கொள்வார், அவரை எனக்குத் தெரியும். கவுண்ட்டருக்கு வெளியே ஆட்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர், "மூனு மணிக்கு வந்தேன் சார், சற்றுன்னா எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பிரேக் பெடல் கடிதத்தைப் படித்தேன், இல்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் கடிதம், இல்லை. கியர் லிவர், இல்லை.

"இந்தாப்பா!" கேஷ் கவுண்ட்டர் அம்மா கத்தினார். "இது என்ன கூத்து, செருப்பு மாத்தினதையும் எழுதியிருக்காங்க!"

பிடுங்கிப் படித்தேன். 'ஐயா, வணக்கம். இது வண்டியில் செய்த மாற்றம் அல்ல. எனினும் வண்டி ஓட்டும்பொழுது அனியும் செருப்பு மாற்றப்பட்டது. புதிதாக வைத்த லெக் கார்டில் உரசி உரசிப் பழைய செருப்பு கிழிந்துவிட்டது. தெரிவிப்பது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.'

ஏழு! கேஷ் கவுண்ட்டர் அம்மாவைத் தூக்கிச் சுற்றலாம்போல் இருந்தது, ஆனால் அவர் கனமான ஆள். ஏழு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினேன். பாதிப் படியில்தான் எனக்கு உறைத்தது. இந்தத் தாள்களை மேலாளர் முன்னால் வைத்தால், அடுத்த கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும்.

அங்கேயே ஒரு கணம் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், நின்றேன். கீழே போய்க் கட்டி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு பேருந்தில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா நினைவுக்கு வந்தார். மீதிப் படிகளையும் ஏறினேன்.

மேலாளர் ஏழு கடிதத்தையும் நிதானமாகப் படித்தார். சர்வேயரின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பிறகு விரலால் முத்திரையைத் தொட்டுக் காட்டினார்.

"யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"அப்ப பெட்டி இருக்கிறது அஞ்சு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது சார்."

"பரிசீலிச்சிருக்கீங்களே?"

"படிக்கவே இல்ல சார். முத்திரை மட்டும் குத்தினேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தெரிஞ்சே சும்மா இருந்தீங்கன்னு எழுதணும். இல்ல, படிக்காமலே படிச்சதாக் கையெழுத்துப் போட்டீங்கன்னு எழுதணும். எதை எழுதட்டும்?"

"ரெண்டாவதை எழுதுங்க சார். அதுதான் உண்மை."

"இந்த மாதிரி எத்தனை?"

"அறுபத்து மூனு."

மேலாளர் பேனாவைத் திறந்தார். அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு, 'வாடிக்கையாளர் தெரிவித்திருக்கிறார், தவறு அலுவலகத்துடையது, கிளெய்ம் அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார். எனக்கு ஒரு மெமோ, ஒரு வருட ஊதிய உயர்வு ரத்து. கதவை நோக்கி நான் நடந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேலாளர் செருப்புக் கடிதத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன். "பாஸாயிடுச்சு அக்கா! ஷெட்டுல வேலைய ஆரம்பிக்கச் சொல்லுங்க!" அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அக்காவா, மகளா, கணவரா என்று தெரியவில்லை, மூன்று பேரும் சேர்ந்துதான் இருக்க வேண்டும். மெக்கானிக் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கையில் கிடைத்த மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த வண்டியிலேயே கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெயின்ட் காயவில்லை என்று அக்காவின் மகள் மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கே போய்விட்டாளாம்.

திங்கட்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. பத்து மணியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது.

"தம்பி! பத்தொம்போதும் முடிச்சிட்டேன்! லேப் வாசல்ல நிக்கிறேன்! வேன்காரன் மொகத்தப் பாக்கணுமே!"

சந்தோஷத்தில் நானும் கத்தினேன்போலிருக்கிறது. கவுண்ட்டருக்கு முன்னால் நின்றவர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

மதியம் அவர் நேரில் வந்தார். கையில் ஹெல்மெட், முகத்தில் வெயில், பெயின்ட் படிந்த விரல்கள். உட்காரச் சொன்னேன். அவர் நன்றி சொல்ல வாயெடுத்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"நன்றி சொல்லாதீங்கக்கா. முதல் மூனு நாலைத் தவிர உங்க கடிதத்தை நான் படிச்சதே இல்ல. பதினோரு வருஷமா. முத்திரை குத்தி உள்ள போட்டேன், அவ்வளவுதான்."

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

"அப்ப நான் யாருக்கு எழுதிட்டிருந்தேன்?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் தபால்பெட்டில போட்டுட்டு வரும்போது, சரி, இனிமே நாம ரோட்டுல போறப்ப வண்டி நல்லா இருக்குன்னு ஒருத்தருக்காவது தெரியும்னு நெனச்சுக்குவேன். அந்த நெனப்புலதான் தம்பி மழையில எல்லாம் ஓட்டினேன்."

பதினேழு வருட வேலையில் எனக்கு மெமோ வந்தது வலிக்கவில்லை. இது வலித்தது. அவரிடம் சொன்னேன். "வியாழக்கிழமை எல்லாத்தையும் படிச்சேன்கா. அறுபத்து மூனையும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இன்னொரு தடவ படிச்சேன். எம் பொண்டாட்டிக்கும் படிச்சுக் காட்டினேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அதற்கு மேலே வேறு என்னவோ ஒன்று பளபளவென்று வந்துகொண்டிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு தடவையா? எல்லாமா?"

"எல்லாம்."

"எது நல்லா இருந்துச்சு?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "செருப்பு மாத்தினது."

"ஐயோ!" அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு விரல்களுக்கு வெளியே வந்தது. "அதை அவரு வேணாம்னு முழுசா அடிச்சிட்டாரு தம்பி! செருப்பு வண்டியில சேராது, அனுப்பினா சிரிப்பாங்கன்னாரு. எனக்கு மனசு கேக்கல. அவருக்குத் தெரியாம நானே எழுதி நானே போட்டது அது ஒன்னுதான்."

"அதனாலதான் அதுல ஒரு எழுத்துப் பிழை இருந்துச்சு."

"எங்க?" என்று கேட்டபடியே அவர் கையை நீட்டினார். "காட்டுங்க, காட்டுங்க!"